கிளை கழிக்க எதை வாங்குவது: கை வாளா, வயரா, பேட்டரியா, பெட்ரோலா?

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வீட்டைச் சுற்றி நிற்கும் வேம்பையும் மாவையும் கழித்துவிட வேண்டும். தண்ணீர்த் தொட்டியை உரசும் கிளை, ஓட்டின்மேல் சாய்ந்த கிளை, பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்குள் எட்டிப் பார்க்கும் கிளை. ஆளைக் கூப்பிட்டால் இன்று நாளை என்று இழுப்பார். வந்தால் பாதி மரத்தை இறக்கிவிட்டுப் போவார். அதனால்தான் நீளக் கம்பின் நுனியில் சின்ன செயின் சா மாட்டிய ‘போல் சா’வைப் பலரும் தேடுகிறார்கள். கடையில் நான்கு வகை இருக்கும்: மோட்டாரே இல்லாத கை வாள், வயரில் ஓடுவது, பேட்டரியில் ஓடுவது, பெட்ரோல். விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் தப்பாகப் போகும். முதலில் மரத்தைப் பாருங்கள்.

கிளையின் தடிமனை எடுங்கள். சுற்றளவை டேப்பால் அளந்து மூன்றால் வகுத்தால் போதும். சுற்றளவு 30 செ.மீ. என்றால் தடிமன் ஏறக்குறைய 10 செ.மீ. பெரும்பாலான போல் சாக்களில் பார், அதாவது செயின் சுற்றி ஓடும் தட்டையான தகடு, 8 அல்லது 10 அங்குலம் இருக்கும். 8 அங்குல பார் 15 செ.மீ. கிளையையும் அறுக்கத்தான் செய்யும். ஆனால் அறுபட்டது கீழே வர வேண்டுமே! 10 செ.மீ. தடிமனும் 3 மீட்டர் நீளமும் உள்ள பச்சை வேப்பங்கிளை இலையோடு சேர்ந்து 20 கிலோவுக்குக் குறையாது. அதே நீளத்தில் 15 செ.மீ. தடிமன் என்றால் எடை இரண்டு மடங்குக்கும் மேல். தரையில் நின்றுகொண்டு கம்பு நுனியால் அறுப்பவருக்கு 10 செ.மீ. தான் எல்லை என்று வைத்துக்கொள்வது நல்லது. அதைத் தாண்டினால் கயிறு கட்டி இறக்கத் தெரிந்த மரம் வெட்டுபவரின் வேலை.

அடுத்தது உயரம். ‘15 அடி எட்டும்’ என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். கருவியின் முழு நீளம் 2.7 மீட்டர்தான் இருக்கும். மிச்சத்தை உங்கள் உடம்பிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்: கையைத் தலைக்குமேல் தூக்கி, கம்பைச் செங்குத்தாக நிறுத்தினால்தான் அந்தக் கணக்கு வரும். அப்படி நிறுத்தினால் அறுபடும் கிளைக்கு நேர் கீழே உங்கள் தலை இருக்கும். கம்பு தரையோடு 60 டிகிரிக்குமேல் நிமிரக் கூடாது என்று கையேடுகளில் எழுதியிருப்பது இதற்காகத்தான். அடிமுனை இடுப்பளவில் இருக்க, 2.7 மீட்டர் கம்பை 60 டிகிரியில் சாய்த்தால் நுனி எட்டும் உயரம் சுமார் 3.3 மீட்டர், அதாவது 11 அடி. கிளைக்கும் உங்களுக்கும் நடுவே நாலரை அடி இடைவெளி கிடைக்கும். வாங்கும்போது மனதில் வைக்க வேண்டியது இந்த 11 அடியை. 13 அடியில் இருக்கும் கிளைக்கு ஏணி போட்டு ஏறிக்கொள்ளலாம் என்று நினைத்தால் போல் சாவே வாங்க வேண்டாம். ஏணிமேல் நிற்கும்போது கிளை விட்டதும் கம்பின் பாரம் திடீரென மாறும். கால் மாற்றி வைக்க இடம் இருக்காது. வெட்டிய கிளையே ஏணியைத் தட்டிவிடுவதும் உண்டு.

மூன்றாவது, கரண்ட் கம்பி. நான்கு வகைக்கும் பொதுவான, மற்ற எல்லாவற்றையும் ரத்து செய்யக்கூடிய விஷயம் இது. பல கையேடுகள் 15 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கின்றன, சில 3 மீட்டர் என்கின்றன. நம் தெருக்களில் 15 மீட்டருக்கு எங்கே போவது? அதனால் இப்படிச் செய்யுங்கள்: வாளிலிருந்து மட்டும் அளக்காமல், கிளை சுழன்று விழும்போது அதன் நுனி எதுவரை போகும் என்று பாருங்கள். அந்த வட்டத்திலிருந்து கம்பி 3 மீட்டருக்குள் வந்தால் தொடாதீர்கள். மின்சார வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. லைனை அணைத்துத் தரச் சொல்லுங்கள், அல்லது அவர்களையே வெட்டச் சொல்லுங்கள். குறுக்குச் சட்டத்தில் மூன்று கம்பி ஓடினால் அது பெரும்பாலும் 11,000 வோல்ட்; அதற்குக் கம்பு தொட வேண்டும் என்றுகூட இல்லை, நெருங்கினாலே தாவும். ‘டபுள் இன்சுலேஷன்’ என்று மெஷினில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருப்பது உள்ளே இருக்கும் மோட்டாரில் கசிவு வந்தால் காப்பதற்கு. வெளியே கம்பியில் பட்டால் அதற்கும் காப்புக்கும் சம்பந்தமே இல்லை. பாதிக் கம்புகள் அலுமினியம்.

தெருவோர மரம் உங்கள் வீட்டு வாசலில் நின்றாலும் உங்களுடையது அல்ல. மாநகராட்சியிடமோ ஊராட்சியிடமோ கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

கை வாளைக் குறைத்து எடை போடாதீர்கள்

வளைந்த பற்களுள்ள வாளைக் கம்பில் மாட்டிய இந்தச் சாமான், தொரட்டியின் படித்த தம்பி. இழுக்கும்போது மட்டும் அறுக்கும். 5 செ.மீ. வரை சுகமாக அறுக்கலாம், 7 செ.மீ. என்றால் தோள் பேசும். முருங்கை மட்டும் வைத்திருப்பவருக்கு மோட்டாரே தேவையில்லை. அதன் கட்டை மென்மையானது, நாலு இழுப்பில் வந்துவிடும். முருங்கையில் சிக்கல் வேறு: பாதி அறுக்கும்போதே சொல்லாமல் கொள்ளாமல் முறியும், பட்டையை அடிவரை உரித்துக்கொண்டு இறங்கும். மெதுவாக அறுக்கும் கை வாளில் அந்த முறியும் சத்தம் காதில் விழும். மோட்டார் ஓடினால் விழாது. நீங்கள் நிறுத்தினால் வாளும் நின்றுவிடும் என்பது இதன் பெரிய பாதுகாப்பு. வருஷத்துக்கு ஒரு முறை, பத்துப் பன்னிரண்டு கிளை, எல்லாம் கட்டைவிரல் முதல் மணிக்கட்டு பருமன் வரை என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வயரில் ஓடுவது

மின்சார வகைகளில் விலை குறைவு, சார்ஜ் தீராது, பேட்டரி செத்துப்போகும் கவலை இல்லை. 700, 750 வாட் மோட்டார் போதுமான பலம். இதில் கெட்டுப்போவது மெஷினைவிட வயர்தான்.

750 வாட் என்றால் 230 வோல்ட்டில் மூன்றே கால் ஆம்பியர். வீட்டில் கிடக்கும் 0.5 சதுர மி.மீ. ஜங்ஷன் பாக்ஸ் வயரை 30 மீட்டருக்கு இழுத்தால் சாதாரணமாக அறுக்கும்போது 7, 8 வோல்ட் இறங்கும், அது பெரிதில்லை. செயின் கிளையில் திணறி 10 ஆம்பியர் இழுக்கும் நொடியில் 20 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். சாயந்திரம் வீட்டுக்கு வருவதே 190, 200 வோல்ட் என்றால் மோட்டார் முக்க ஆரம்பிக்கும். உடனே நாம் கம்பை அழுத்துவோம். அழுத்த அழுத்த இன்னும் கரண்ட் இழுக்கும், மோட்டார் காயில் சூடாகும், ஒரு நாள் புகையும். 1.5 சதுர மி.மீ. வயரில் இந்த இறக்கம் மூன்றில் ஒரு பங்காகும். ரப்பர் உறை போட்ட, இடையில் ஒட்டுப் போடாத ஒரே வயராக வாங்குங்கள். சுருளில் சுற்றிய வயர் என்றால் முழுவதையும் பிரித்துப் போடுங்கள். பாதி சுற்றிலேயே இருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை.

ஷாக் அடிப்பதற்கு எதிரான காவல், கரண்ட் கசிந்தால் தானாக விழும் ஆர்சிசிபி ஸ்விட்ச், அதுவும் 30 மில்லி ஆம்பியர். பலர் எம்சிபி (லோடு கூடினால் விழும் ஸ்விட்ச்) இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கிறார்கள். எம்சிபி வயரைக் காக்கும், ஆளைக் காக்காது. போர்டில் இருப்பது 100 மில்லி ஆம்பியரா 30-ஆ என்று எழுத்தைப் படியுங்கள், வேலை தொடங்கும் முன் அதன் டெஸ்ட் பட்டனை ஒரு முறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அன்றைக்கு வேலை வேண்டாம்.

வயர் எப்போதும் முதுகுப் பக்கமிருந்து தோள்மேலாக வர வேண்டும். கைப்பிடிக்கு அருகே வயரை மாட்டும் கொக்கி இருக்கும், அதில் ஒரு மடிப்பு போட்டு மாட்டினால் பிளக் கழன்று வராது. இத்தனை செய்தும் ஒரு குறை தீராது: கிளை விழும்போது பின்னால் நகர வேண்டும், காலடியில் வயர் கிடக்கும். விழும் கிளையைப் பார்த்துக்கொண்டே பின்வாங்குபவர் வயரில் தடுக்கி விழுவது, ஷாக்கைவிட நடக்கக்கூடிய காரியம். அதனால் வயர் வகைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் அறுக்க, இன்னொருவர் வயரைப் பின்னுக்கு இழுத்து ஒதுக்கிவிட்டு, ஸ்விட்ச் பக்கம் நிற்க. மரங்கள் எல்லாம் பிளக்கிலிருந்து 30 மீட்டருக்குள், உதவிக்கு நிச்சயம் ஒரு ஆள் உண்டு என்றால் இது நல்ல தேர்வு. ஈரப் புல், தூறல் என்றால் அன்று இல்லை.

பேட்டரி

வீட்டுக்கு எது என்று ஒரே பதில் கேட்டால் இதைத்தான் சொல்வோம். காலடி சுத்தமாக இருக்கிறது, மரம் மரமாகப் போகலாம், பேட்டரி அடிமுனையில் இருப்பதால் மேலே இருக்கும் மோட்டாருக்குக் கொஞ்சம் எதிர்ப் பாரமாகவும் அமைகிறது.

எண்களில் ஏமாற வேண்டாம். ‘20 வோல்ட்’ என்பதும் ‘18 வோல்ட்’ என்பதும் ஒரே பேட்டரிதான். உள்ளே ஐந்து செல், முழு சார்ஜில் 20-க்குச் சற்று மேல், சராசரியாக 18. இணையத்தில் மலிவாக விற்கும் சில சின்ன வாள்களில் 48, 88, 98 என்று ஒரு எண்ணும் பின்னால் ‘விஎஃப்’ என்றும் இருக்கும். அது வோல்ட் அல்ல, ஸ்டிக்கர். அதற்குள்ளும் அதே ஐந்து செல்தான் பெரும்பாலும்.

பார்க்க வேண்டியது வோல்ட்டையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்கி வரும் எண். 18 வோல்ட், 2 ஆம்பியர் ஹவர் என்றால் 36 வாட் ஹவர். அறுக்கும்போது 400 வாட் இழுத்தால் ஐந்து நிமிஷம். 4 ஆம்பியர் ஹவர் என்றால் பத்துப் பதினோரு நிமிஷம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இது ட்ரிக்கர் அழுத்திய நேரம் மட்டும். ஒரு கிளைக்குப் பத்து வினாடி என்றால் அறுபது வெட்டு வருகிறது, அறுபது கிளையை இழுத்துக் குவிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். 4 ஆம்பியர் ஹவர் ஒன்று போதும். ஏற்கெனவே ட்ரில்லோ புல்வெட்டியோ ஒரு பிராண்டில் இருந்தால், அதே பேட்டரி பொருந்தும் வாளை வாங்குவதுதான் லாபம்.

இதன் ஆபத்து, எந்நேரமும் உயிரோடு இருப்பது. வயர் வகையில் பின்னைப் பிடுங்கினால் செத்துவிட்டது என்று கண்ணுக்குத் தெரியும். பேட்டரி வாளைத் தோளில் சாய்த்து நடக்கும்போதும், செயினில் சிக்கிய நாரை எடுக்கும்போதும் அது தயாராகவே இருக்கிறது. செயினைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றி இடுப்புப் பையில் போடுங்கள். லாக் பட்டன் போதும் என்று விடாதீர்கள். வெயிலில் ஓடிச் சூடான பேட்டரியை உடனே சார்ஜரில் போடக் கூடாது, அரை மணி நேரம் நிழலில் ஆறட்டும். மாதக்கணக்கில் வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் வையுங்கள்.

பெட்ரோல்

தோப்பு வைத்திருப்பவருக்கும் கூலிக்குக் கழிப்பவருக்கும் மட்டும். எஞ்சின் கீழே, கம்புக்குள் ஓடும் ஷாஃப்ட், மேலே கியர் தலை. மொத்தத்தில் 7 கிலோ வரும், தோள் பட்டை இல்லாமல் பிடிக்க முடியாது. டூ ஸ்ட்ரோக் கலவை 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி. ஆயில், குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஐடிலில் (ட்ரிக்கர் அழுத்தாமல் எஞ்சின் ஓடும் நிலையில்) விட்டபோதே செயின் மெல்ல ஊர்ந்தால் ஐடில் ஸ்க்ரூவைக் குறைக்க வேண்டும், அதைச் சரிசெய்யாமல் தூக்கக் கூடாது. சத்தத்தில் கிளை முறிவது கேட்காது, கூப்பிட்டாலும் கேட்காது. வீட்டில் மூன்று மரத்துக்கு இது தேவையில்லை.

தென்னைக்கு என்று யாராவது இதில் எதையும் சிபாரிசு செய்தால் நம்ப வேண்டாம். குட்டைக் கன்றுக்குச் சரி. வளர்ந்த மரத்துக்கு எட்டாது. எட்டினாலும் மட்டை நார், செயினைச் சுழற்றும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் சுற்றிக்கொள்ளும்.

எதை வாங்கினாலும் அறுக்கும் விதம் ஒன்றுதான்

மோட்டார் வகை எல்லாவற்றிலும் முதலில் உணர வேண்டியது தலைப் பாரம். நுனியில் 2 கிலோ, முன் கையிலிருந்து 2 மீட்டர் தள்ளி. பின் கை முன் கைக்கு 60 செ.மீ. பின்னால். கம்பு கவிழாமல் இருக்கப் பின் கை கிட்டத்தட்ட 7 கிலோ கீழே அழுத்த வேண்டும், முன் கை 9 கிலோ தாங்க வேண்டும். இரு கைகளுக்கும் இடையே 90 செ.மீ. விட்டால் பின் கையின் சுமை நாலரைக் கிலோவாகக் குறைகிறது. கைகளை அகட்டிப் பிடியுங்கள், தேவையான அளவுக்கு மட்டும் கம்பை நீட்டுங்கள், பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை இறக்கி வையுங்கள். கை நடுங்க ஆரம்பித்தபின் போடும் வெட்டுதான் தவறும்.

சாதாரணச் செயின் சாவில் இருக்கும் செயின் பிரேக் இதில் பெரும்பாலும் இருக்காது. ட்ரிக்கரை விட்டபின்பும் சில மாடல்களில் செயின் ஓரிரு வினாடி சுற்றும். பாரின் அடிப்பக்கத்தில் செயின் மோட்டாரை நோக்கி ஓடுகிறது, எனவே மேலிருந்து அறுக்கும்போது வாள் தானாகக் கிளையைக் கவ்விக்கொள்ளும், அது நல்லது. மேற்பக்கத்தில் எதிர்த்திசை, எனவே கீழிருந்து அறுக்கும்போது கம்பு உங்களை நோக்கித் தள்ளும். பாரின் நுனி, அதிலும் மேல் கால்பகுதி, பின்னால் நிற்கும் இன்னொரு கிளையில் பட்டால் தலை மேலே எகிறும். வெட்டும் கிளைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே வையுங்கள்.

முதலில் கீழ் வெட்டு, அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, தடிமனில் கால் பங்கு மட்டும். அதற்குமேல் போனால் கிளையின் எடை வெட்டை மூடி பாரைக் கவ்வும். பிறகு அதைவிட இரண்டு விரல் வெளியே தள்ளி மேல் வெட்டு. செயினைக் காற்றிலேயே முழு வேகத்துக்குக் கொண்டுவந்து, பாரின் அடிப்பகுதி கிளையில் ஊன்றும்படி வைத்து, கருவியின் எடையே அறுக்கட்டும். கிளை போனதும் மிஞ்சிய முழத் துண்டைக் கடைசியாக, அடியில் மோதிரம் போல் புடைத்திருக்கும் இடத்துக்குச் சற்று வெளியே எடுங்கள். கீழ் வெட்டைச் சோம்பலில் விட்டால் வேம்பில் பட்டை ஒரு ஆள் உயரத்துக்கு உரியும். அந்தக் காயத்தில்தான் கரையான் ஏறும். கூரைமேல் நீண்ட கிளையை ஒரே வெட்டில் இறக்காதீர்கள், நுனியிலிருந்து இரண்டடி இரண்டடியாக வாருங்கள். கடைசி நார் விடும் நொடியில் கம்பின் எடை முழுவதும் உங்கள் கைக்குத் திரும்பும், அதை எதிர்பார்த்துக் காலை அகட்டி நில்லுங்கள். ஓடும் செயின் முழங்காலுக்கு வருவது அந்த நொடியில்தான்.

பார் சிக்கிக்கொண்டால் ட்ரிக்கரை விடுங்கள், பேட்டரியை அல்லது பின்னைக் கழற்றுங்கள், பிறகு தொரட்டியால் கிளை நுனியைத் தூக்கிக் கொடுக்கச் சொல்லி உருவுங்கள். ஓடவிட்டபடி இழுத்தால் பார் வளையும்.

உடுப்பில் விசர் (முகத் தடுப்பு) வைத்த ஹெல்மெட் முக்கியம்; அண்ணாந்து பார்க்கும் வேலையில் தூள் நேராகக் கண்ணுக்கு வரும், கூலிங் கிளாஸ் பக்கவாட்டைத் தடுக்காது. ஷூ, முழுக்கை. வேட்டி, லுங்கி, தோளில் துண்டு கூடாது. மாமரம் என்றால் இலைகளை ஒன்றோடொன்று தைத்து வைத்த முசுறுக் கூடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கழுத்துக்குள் நாலு முசுறு இறங்கினால் கை தானாகக் கம்பை விட்டுவிடும். கடந்தைக் கூடு, தேன்கூடு இருந்தால் அந்த மரத்தை அன்றைக்கு விட்டுவிடுங்கள், சத்தத்துக்கே கலையும்.

செயினும் எண்ணெயும்

செயின் பாரிலிருந்து கழன்று வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம் தளர்வு. பாரின் நடுவில் செயினைக் கீழே இழுத்தால் 3 மி.மீ. விலக வேண்டும், விட்டால் சட்டென்று ஒட்டிக்கொள்ள வேண்டும், அடிப்பல் காடியை விட்டு வெளியே வரக் கூடாது. புதுச் செயின் முதல் ஐந்து நிமிஷத்திலேயே நீளும், நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். சூடாக இருக்கும்போது இறுக்கிவிட்டு அப்படியே எடுத்து வைத்தால், ஆறும்போது சுருங்கி ஸ்ப்ராக்கெட் ஷாஃப்டை இழுக்கும். புதிதாக மாட்டுபவர்கள் செயினைத் தலைகீழாகப் போடுவது சகஜம்: பாரின் மேற்பக்கத்தில் பற்களின் வெட்டு முனை நுனியைப் பார்த்திருக்க வேண்டும். ஓடுகிறது, அறுக்கவில்லை, புகைகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

சிலும்பு சிலும்பாகத் துண்டு விழுந்தால் செயின் கூர்மை. மாவாகக் கொட்டினால் மொக்கை. வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போனால் ஒரு வரிசைப் பல் மட்டும் தேய்ந்திருக்கிறது. இந்த வகைச் செயினுக்குப் பொதுவாக 4 மி.மீ. உருண்டை அரம், 30 டிகிரி சாய்வு, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இரண்டு மூன்று தள்ளு.

எண்ணெய்த் தொட்டி சின்னது, 100 மி.லி.க்குள் இருக்கும், சிலவற்றில் தானாகச் சொட்டும், சிலவற்றில் பல்பை அழுத்த வேண்டும். நுனியை ஒரு பழைய அட்டைக்கு அரை அடி தள்ளிப் பிடித்து ஓட்டினால் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். மெக்கானிக் ஷெட்டில் கிடைக்கும் பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றாதீர்கள். அதிலிருக்கும் இரும்புத் தூள் எண்ணெய் வழியை அடைக்கும், சுற்றும் செயின் அதை உங்கள் முகத்துக்கே தெளிக்கும். செயின் ஆயில் கிடைக்காவிட்டால் புது 20W-40 போதும். தேங்காய் எண்ணெய் சமவெளியில் ஓடும், கொடைக்கானலில் 24 டிகிரிக்குக் கீழே உறைந்து நிற்கும். பலாவும் மாவும் அறுத்த அன்றே பாரைக் கழற்றி மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் பிசினைத் துடையுங்கள். மறுநாள் அது சிமென்ட்.

கடைக்குப் போகும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். கம்பை முழுவதும் நீட்டி, பேட்டரி மாட்டி, 60 டிகிரியில் இரண்டு நிமிஷம் பிடித்து நில்லுங்கள். நுனி ஆட ஆரம்பித்தால் அதைவிட எடை குறைந்ததைக் கேளுங்கள். பிறகு பாரில் பொறித்திருக்கும் எண்களைக் காட்டி, அதே பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி), அதே கேஜ் (அடிப்பல்லின் தடிமன்), அதே அடிப்பல் எண்ணிக்கையில் மாற்றுச் செயின் கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அப்போதே ஒன்று சேர்த்து வாங்கிவிடுங்கள். இல்லை என்றால் அந்த மெஷினை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.